மூணு மாசம் வரைக்கும் யாருக்கும் சொல்லாதே

 

வழக்கமா நான் இங்க போடுறது அன்னதானப் பட்டியல், கூட்டிப் பெருக்குற முறை, காடி எங்க நிறுத்தணும், இந்த மாதிரி விஷயம் தான். இன்னைக்குக் கொஞ்சம் நீளமா எழுதுறேன். நேரம் இருக்கும்போது படிங்க. வீட்டுல சின்ன வயசுப் பொண்ணுங்க, மருமகள்ங்க இருக்கிறவங்க கண்டிப்பா படிங்க. என் மருமகள்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுதுங்க மாமா, யாருக்காச்சும் உதவும்"னு சொல்லுச்சு.

போன வருஷம் பள்ளி விடுமுறையில குடும்பத்தோட கேமரன் மலைக்குப் போனோம். நான், வீட்டுக்காரம்மா, மகன், மருமகள், என் அக்கா, மச்சான், மச்சான் சம்சாரம். ஏழு பேர். இன்னோவா வாடகைக்கு எடுத்து நான்தான் ஓட்டினேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே ரூம் போட்டாச்சு, பணமும் கட்டியாச்சு. கிளம்புறதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடி மகன் வந்து, "அப்பா, நீங்க தாத்தா ஆகப் போறீங்க"ன்னு சொன்னான். மருமகளுக்கு அப்போ ஏழு வாரம்.

சந்தோஷத்துல எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஆனா முதல் வார்த்தையா நான் சொன்னது என்ன தெரியுமா? "மூணு மாசம் முடியட்டும். அது வரைக்கும் வெளிய யாருக்கும் சொல்ல வேணாம். அக்காவுக்கும் சொல்ல வேணாம்." எங்க அம்மா சொன்னது, அவங்க அம்மா சொன்னது. கண்ணு படும், பேச்சு படும். அதோட கரு கலையிற ஆபத்தும் முதல் மூணு மாசத்துலதான் அதிகம். ஏதாவது ஆயிட்டா ஊருக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருக்க வேணாம்னு பெரியவங்க வச்ச வழக்கம். அந்த வழக்கத்தை நான் இன்னைக்கும் குறை சொல்லல. ஆனா அதை நான் எப்படிப் பிடிச்சுக்கிட்டேன்ங்கிறதுதான் இந்தக் கதை.

கிளம்புற நாள் மருமகளுக்கு ஒன்பதாவது வாரம். மசக்கை ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகுதுன்னு மகன் சொன்னான். நான், "எல்லாருக்கும் வர்றதுதானே, மலைக் காத்து பட்டா சரியாப் போயிரும்"னு சொல்லிட்டேன்.

காலையில அஞ்சு மணிக்குக் கிள்ளான்ல இருந்து கிளம்பினோம். வயசானவங்க முன்னாடி, சின்னவங்க பின்னாடின்னு மருமகளைக் கடைசி சீட்ல உட்கார வச்சேன். காடியிலேயே ஆட்டம் அதிகம் உள்ள இடம் அதுதான். வழியில ஒரு ஆர் அண்ட் ஆர்ல நிறுத்தி அக்கா ஏழு பொட்டலம் நாசி லெமாக் வாங்கிட்டு வந்தாங்க. நேரமாச்சுன்னு காடிக்குள்ளேயே பசியாறினோம். சம்பல் வாசம், நெத்திலி வாசம், கண்ணாடி எல்லாம் ஏத்தி ஏர்கோன் போட்டிருந்தேன். மருமகள் பொட்டலத்தைத் திறக்கவே இல்ல. அக்கா திரும்பிப் பார்த்து, "இந்தக் காலத்துப் பொண்ணுங்க சோத்தைப் பார்த்தாலே பயப்படுறாங்க, உடம்பு ஏறிடுமாம்"னு சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.

தாப்பாவுல ஹைவேயை விட்டு இறங்கினா தானா ராத்தாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். போனவங்களுக்குத் தெரியும், அந்தப் பழைய ரோட்ல நேரா ஓட்டுற இடம்னு ஒண்ணு கிடையாது. இந்தப் பக்கம் வளைஞ்சு முடிக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் வளையும். ரோட்டோரம் ஓராங் அஸ்லி மக்கள் பெட்டாய் வித்துக்கிட்டு இருந்தாங்க. மச்சான் நிறுத்தச் சொல்லி நாலு கட்டு வாங்கிப் பின்னாடி போட்டார். மருமகள் காலுக்குக் கீழே.

அதுக்கப்புறம் பத்து நிமிஷம் இருக்கும். பின்னாடி இருந்து மெதுவா, "மாமா, கொஞ்சம் நிறுத்த முடியுமா?"ன்னு கேட்டுச்சு. மச்சான் பெட்டாய்க்கு நிறுத்துனேன். மருமகளுக்கு நிறுத்தல. ஏன்னா நிறுத்தினா அக்கா "என்ன ஏது"ன்னு கேப்பாங்க, விஷயம் வெளிய வந்துரும். அது ஒண்ணுதான் என் மண்டையில ஓடுச்சு. "இன்னும் கொஞ்ச தூரம்தான்மா, லாத்தா இஸ்கந்தர் அருவிகிட்ட நிறுத்துறேன்"னு சொன்னேன்.

அருவி வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பிள்ளை தன் துப்பட்டாவுல வாந்தி எடுத்திருச்சு. காடியை அசிங்கம் பண்ணிடக் கூடாதுன்னு துப்பட்டாவைச் சுருட்டி வாய்ல வச்சுக்கிட்டு இருந்ததைக் கண்ணாடியில பார்த்தேன். அருவிகிட்ட இறங்கினதும் என்கிட்ட வந்து, "சாரி மாமா"ன்னு சொல்லுச்சு. மன்னிப்பு கேட்க வேண்டியவன் நான். அக்கா பாசத்துல தைலத்தை எடுத்து நெத்தி, மூக்கு, கழுத்துன்னு தேய்ச்சுவிட்டாங்க. அந்த வாசத்துக்கு இன்னொரு தடவை வாந்தி.

அன்னைக்கு ராத்திரி ரூம்ல குடிச்ச தண்ணியும் நிக்கல. மகன் பயந்துபோய் வந்து கேட்டான். "காடி ஓட்டத்துல வந்த வாந்தி, தூங்கினா சரியாப் போயிரும்"னு சொன்னேன்.

மறுநாள் காலையில பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்குப் போறதாத் திட்டம். கோயிலுக்குப் போறதுன்னா எங்க வீட்டுல வெறும் வயித்தோடதான். இது என் சட்டம். முப்பது வருஷமா நான் மாத்துனது இல்ல. மருமகள் கையில ரெண்டு பிஸ்கட் வச்சிருந்ததைப் பார்த்துட்டு, "சாமி கும்பிட்டுட்டு சாப்பிடலாமே"ன்னு சொன்னேன். அதட்டல. சாதாரணமாத்தான் சொன்னேன். ஆனா மாமனார் சாதாரணமாச் சொன்னாலும் மருமகளுக்கு அது உத்தரவுதான். பிஸ்கட்டைப் பைக்குள்ள வச்சிருச்சு.

கோயில்ல அபிஷேகம் முடிஞ்சு தீபாராதனை. சாம்பிராணி, கற்பூரம், பூ, பால், நெய் எல்லா வாசமும் சேர்ந்து வந்துச்சு. நமக்கெல்லாம் மனசு குளிர்ற வாசம். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். பின்னாடி 'தொப்'னு ஒரு சத்தம். திரும்பினா மருமகள் தரையில கிடக்குது. மகன் ஓடி வந்து தலையைத் தூக்கிப் பிடிச்சான். கோயில்காரங்க யாரோ நாற்காலி கொண்டு வந்தாங்க, இன்னொரு அம்மா விசிறிவிட்டாங்க. அவங்க யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நல்லா இருக்கணும்.

தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஒரு மலாய்க்கார மிஸி, எங்க வீட்டுக்காரம்மா வயசு இருக்கும். பார்த்த உடனே முதல் கேள்வி, "எத்தனை வாரம்?" அக்கா, மச்சான் எல்லாரும் பக்கத்துலதான் நின்னாங்க. நான் பொத்திப் பொத்தி வச்ச ரகசியம் அங்க ஒரு நிமிஷத்துல வெளிய வந்திருச்சு.

அடுத்த கேள்வி, "பிங்க் புக் எங்க?" தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கர்ப்பம்னு தெரிஞ்சதும் அரசாங்க கிளினிக்குல பதிஞ்சா தாய்க்கு ஒரு ரோஸ் கலர் புத்தகம் தருவாங்க. ரத்த அழுத்தம், எடை, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதுல எழுதி இருக்கும். நாட்டுல எந்த கிளினிக்குக்குப் போனாலும் அதைப் பார்த்தா டாக்டருக்கு விவரம் புரிஞ்சிரும். எங்ககிட்ட அது இல்ல. மூணு மாசம் முடியட்டும்னு பதியவே இல்ல. 12 வாரத்துக்குள்ள பதியணும்னுதான் கிளினிக்குல சொல்றாங்களாம். அது எனக்கு அங்கதான் தெரிஞ்சுது.

சிறுநீரை டெஸ்ட் பண்ணிட்டுக் கீட்டோன் இருக்குன்னு டாக்டர் சொன்னார். சாப்பாடு இல்லாம உடம்பு தன்னோட கொழுப்பையே எரிச்சு ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். உடம்புல தண்ணி ரொம்பக் குறைஞ்சு போச்சு, ரத்த அழுத்தமும் இறங்கிப் போச்சு. கையில ஊசி குத்தி டிரிப் ஏத்தினாங்க. சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தாங்க.

டாக்டர் சின்னப் பையன். பொறுமையா விளக்கினார். மசக்கை பத்துப் பேர்ல ஏழெட்டுப் பேருக்கு வரும். ஆறாவது வாரம் வாக்குல ஆரம்பிச்சு, எட்டு, ஒன்பது, பத்தாவது வாரத்துல உச்சத்துக்குப் போயி, பெரும்பாலும் 16லிருந்து 20 வாரத்துக்குள்ள அடங்கும். காலையில மட்டும்தான் வரும்னு இல்ல, எந்த நேரமும் வரலாம். கொஞ்சப் பேருக்கு மட்டும் இது கடுமையாகி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு வந்து விட்டுரும்.

அவர் வாரக் கணக்குச் சொல்லச் சொல்ல என் மனசுக்குள்ள ஒரு கணக்கு ஓடுச்சு. மசக்கை உச்சத்துக்குப் போறது முதல் மூணு மாசத்துக்குள்ள. யாருக்கும் சொல்லாதேன்னு நாம வாயைக் கட்டி வைக்கிறதும் அதே மூணு மாசம்தான். ஒரு பொண்ணுக்கு உதவி எப்போ அதிகமா வேணுமோ, அப்போ உதவின்னு கேட்க முடியாம வச்சிருக்கோம். பஸ்ல இடம் கேட்க முடியாது, வரிசையில முன்னாடி விடுங்கன்னு கேட்க முடியாது, காடியை நிறுத்துன்னு கூட ஒரு தடவைக்கு மேல கேட்க முடியாது.

வார்டுக்கு வெளிய பெஞ்சுல நானும் வீட்டுக்காரம்மாவும் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் அவங்க பேசல. அப்புறம் கேட்டாங்க, "1994 தைப்பூசம் ஞாபகம் இருக்கா?" எனக்கு ஞாபகம் இருந்துச்சு. பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போனோம், நல்ல கூட்டம், நல்ல தரிசனம். அவங்களுக்கு ஞாபகம் இருந்தது வேற. அப்போ மகன் வயித்துல இருந்தான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை அந்த வருஷம் செப்டம்பர்லதான் முழுசாத் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி ஜனவரியில, பழைய ரோடு பாதி புது ரோடு பாதின்னு எக்ஸ்பிரஸ் பஸ்ல ராத்திரி முழுக்கப் போனோம். "வழி முழுக்க உமட்டிக்கிட்டே வந்தேன். டிரைவர்கிட்ட நிறுத்தச் சொல்லுங்கன்னு உங்ககிட்ட கேட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, முருகன் பார்த்துக்குவார்னு சொல்லிட்டுத் தூங்கிட்டீங்க"ன்னாங்க. கோபமாச் சொல்லல. கோபமாச் சொல்லியிருந்தா நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

அந்தப் பெஞ்சுல இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு. இது நம்ம கோயில் விஷயம், அதனாலதான் இங்க எழுதுறேன். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, சஷ்டி நேரம். நான் வாக்கி டாக்கியோட வரிசையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். ஒரு சின்னப் பொண்ணு வரிசையை உடைச்சுக்கிட்டு ஓடி வந்து, கால் கழுவுற பைப்கிட்ட வாந்தி எடுத்திருச்சு. நான் எல்லாரும் பார்க்க, "கண்டதைச் சாப்பிட்டுட்டு வந்து கோயிலை அசிங்கம் பண்றீங்களே"ன்னு சத்தம் போட்டேன். கூட வந்த பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசல. தானே பைப்பைத் திறந்து, தரையைக் கழுவிவிட்டுட்டு, சாமி கும்பிடாம போயிருச்சு. அதுக்கப்புறம் அவங்களை நான் கோயில்ல பார்த்ததே இல்ல. அது மசக்கைதானான்னு எனக்குத் தெரியாது. நான் கேட்கல. கேட்டிருந்தாலும் அந்தப் பொண்ணுக்கும் வீட்டுல யாரோ ஒரு மாமனார், யாருக்கும் சொல்லாதேன்னு சொல்லி அனுப்பியிருக்கலாம்.

நீங்க இதைப் படிக்கிறீங்கன்னா, அம்மா, என்னை மன்னிச்சிருங்க. கோயிலுக்கு வாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் மருமகளை விட்டாங்க. அடுத்த நாளே திரும்பிட்டோம். தாப்பா ரோட்டை எடுக்கல. கம்போங் ராஜா வழியா சிம்பாங் பூலாய்க்கு இறங்கினோம். கிள்ளானுக்குச் சுத்துதான், ஆனா ரோடு அகலம், வளைவு அவ்வளவு கடுமையா இருக்காது. மருமகள் முன் சீட். அக்கா கடைசி சீட், தானே கேட்டுப் போய் உட்கார்ந்தாங்க. "முதல்லயே சொல்லியிருந்தா நான் நாசி லெமாக் வாங்கியிருப்பேனா, அந்தப் பேச்சுதான் பேசியிருப்பேனா"ன்னு வழி முழுக்க அழுதாங்க. அவங்க கேட்டதுலயும் நியாயம் இருக்கு. மச்சான் பெட்டாயை ரூம்காரருக்கே கொடுத்துட்டார். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தினேன், கேட்கிறதுக்கு முன்னாடியே. வீடு வந்து சேர ஏறக்குறைய முழு நாள் ஆச்சு. ஒரு தடவைதான் வாந்தி.

இதுல நாங்க கத்துக்கிட்டதை எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, அங்க சொன்னதும் எங்களுக்கு உதவினதும்தான்.

வெறும் வயிறுதான் மசக்கைக்கு எதிரி. படுக்கையை விட்டு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு கிரீம் கிராக்கர், அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா ஏதாவது. ஒரேடியா வயிறு நிறையச் சாப்பிட வேணாம். தண்ணியும் அப்படித்தான், மடக்கு மடக்கா. எங்க மருமகளுக்கு ஆறின ரசம் சோறு, இஞ்சித் தண்ணி, ஆசாம் போய் ஒத்துக்கிச்சு. உங்க வீட்டுல வேற ஏதாவது ஒத்துக்கலாம். எது ஒத்துக்குதோ அதைக் கொடுங்க, "இது சத்து, இதைத்தான் சாப்பிடணும்"னு அந்த நேரத்துல மல்லுக்கு நிக்காதீங்க.

காடியில முன் சீட் கொடுங்க. பெல்ட் கண்டிப்பாப் போடணும், இடுப்புப் பட்டை வயித்துக்குக் கீழே வரணும். தூரத்துல ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்க, போனைப் பார்க்க வேணாம். கண்ணாடியை இறக்குங்க. சாப்பாடு, தைலம், வாசனை உருண்டை எதுவும் காடிக்குள்ள வேணாம். கெட்டிப் பிளாஸ்டிக் பை, ஈரத் துணி, மாத்து உடை கைக்கு எட்டுற இடத்துல வைங்க. பிங்க் புக்கை மறக்காதீங்க. கடையில விக்கிற பயண வாந்தி மாத்திரையை நீங்களா வாங்கித் தராதீங்க, டாக்டரைக் கேளுங்க. மசக்கைக்குக் கொடுக்கிற மருந்து இருக்கு. எங்களுக்கு வைட்டமின் பி6ம் வாந்தி மாத்திரையும் எழுதிக் கொடுத்தாங்க.

ஒரு நாள் முழுக்கக் குடிச்ச தண்ணி கூட நிக்கலன்னா, எட்டு மணி நேரமாச் சிறுநீர் போகலன்னா, இல்ல போறது கறுத்த மஞ்சளா இருந்தா, எழுந்து நின்னா தலை சுத்தினா, காய்ச்சல், வயித்துவலி, வாந்தியில ரத்தம், எடை இறங்குறது, இதுல எது வந்தாலும் நான் செஞ்ச மாதிரி "தூங்கினா சரியாப் போயிரும்"னு சொல்லாதீங்க. ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

இன்னும் சில பேர், "செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை, அதான் தாங்க மாட்டேங்குது"ன்னு சொல்லுவாங்க. நானே மனசுக்குள்ள நினைச்சிருக்கேன். 2023 டிசம்பர்ல ஒரு ஆராய்ச்சி வந்ததை மகன் படிச்சுக் காட்டினான். கரு பக்கம் இருந்து வர்ற ஜிடிஎஃப்15ங்கிற ஒரு ஹார்மோன்தான் இதுக்குப் பெரிய காரணமாம். கர்ப்பத்துக்கு முன்னாடி அது யார் உடம்புல குறைவா இருந்துச்சோ, அவங்களை அது கடுமையாத் தாக்குமாம். மனசு பலம், வளர்ப்பு இதுக்கெல்லாம் இதுல வேலையே இல்ல. இங்கிலாந்து அரச குடும்பத்து மருமகள் கேட், 2012 டிசம்பர்ல இதே கடுமையான மசக்கையாலதான் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. அதனாலயே கர்ப்பச் செய்தியை அரண்மனை சீக்கிரமே வெளிய சொல்ல வேண்டியதாப் போச்சு. அரண்மனையிலயே மறைக்க முடியல. கடைசி சீட்ல உட்கார்ந்திருந்த என் மருமகள் எப்படி மறைக்கும்?

விரதம் பத்தியும் ஒரு வார்த்தை. கர்ப்பமா இருக்கிற பிள்ளைங்க வெறும் வயித்தோட வந்துதான் முருகனைக் கும்பிடணும்னு இல்ல. சாப்பிட்டுட்டு வாங்க. இதை எங்க வீட்டுச் சட்டம் போட்ட நானே சொல்றேன்.

நாங்க தொண்டர்கள் பேசி, காலணி வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல, காத்து வர்ற பக்கமா, ரெண்டு நாற்காலி போட்டிருக்கோம். தண்ணி, பிஸ்கட் டின், பிளாஸ்டிக் பை அங்க இருக்கும். சாம்பிராணி வாசம் அவ்வளவா வராது. யாருக்கு முடியலையோ அவங்க போய் உட்காரலாம். ஏன், எதுக்குன்னு யாரும் கேட்க மாட்டாங்க. கேட்கக் கூடாதுன்னு தொண்டர்களுக்குச் சொல்லியாச்சு. உடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வரிசையில முன்னாடி விடுவோம். ரகசியத்தைச் சொல்லாமலே உதவி கிடைக்கணும், அவ்வளவுதான். வாந்தி எடுத்தா நாங்க கழுவுறோம். நீங்க பைப்பைத் தொட வேணாம்.

மருமகளுக்கு 18 வாரம் வரைக்கும் மசக்கை இருந்துச்சு. அப்புறம் அடங்கிருச்சு. பேத்திக்கு இப்போ அஞ்சு மாசம். என்னைப் பார்த்துச் சிரிக்குது. அடுத்த பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை போகலாமான்னு மகன் கேட்கிறான். போகலாம்னு சொல்லிட்டேன். எங்க நிறுத்தணும்னு மருமகள் சொல்லட்டும், நான் ஓட்டுறேன்.

முருகா சரணம்.